தாடியை யார் தலையில் கட்டுவது

ஐஸ் ஹாக்கியில் எனக்குப் பிடித்தது ஐஸும் இல்லை, ஹாக்கியும் இல்லை. அக்டோபரிலும் காய்கிற டெக்சஸ் வெயிலிலிருந்து தப்பித்து மூன்று மணி நேரம் குளிர்ச்சியாக உட்காரலாம் என்றுதான் முதல் முறை ஸ்டேடியத்துக்குப் போனேன். பந்து கண்ணுக்கே தெரியவில்லை. அது பந்தும் இல்லை, கறுப்பாக ஒரு ரப்பர் வில்லை. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து கத்தும்போதெல்லாம் நானும் எழுந்து நின்றுவிட்டு வந்தேன்.

ஆனால் அந்த ஆட்டத்துக்குப் பின்னால் இன்னொரு ஆட்டம் நடக்கிறது என்று ஆபீசில் ஒருவர் சொன்னதும் பிடித்துக்கொண்டது. ஒரு டீம் தன் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்து வருஷத்துக்கு இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று லீக் ஒரு கோடு போட்டிருக்கிறது. அதற்குப் பெயர் கேப். ஒருவனுக்கு எட்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். முதல் மூன்று வருஷம் பறப்பான். பிறகு முட்டி போகும், வேகம் போகும், ஒப்பந்தம் மட்டும் போகாது. அவன் சம்பளம் கேப்பை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவன் இருக்கும்வரை புதிதாக ஒருவனை எடுக்க முடியாது. அதனால் அவனை வேறொரு டீம் தலையில் கட்ட வேண்டும். சும்மா யார் வாங்குவார்கள்? இவனை எடுத்துக்கொள், அடுத்த வருஷம் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது என் முறையையும் நீயே வைத்துக்கொள் என்பார்கள். அதற்கும் மசியாவிட்டால், அவன் சம்பளத்தில் பாதியை நாங்களே சுமக்கிறோம் என்பார்கள். பழைய ஃபிரிட்ஜைத் தள்ளிவிடுகிறவர் கூடவே ஸ்டெபிலைசரையும் சேர்த்துக் கொடுப்பது போலத்தான்.

இதில் என்னை மயக்கிய விஷயம் ஒன்று உண்டு. தள்ளிவிடப் போகிற ஆளைப் பற்றி எந்த டீமும் குறை சொல்லாது. அனுபவசாலி, அவர் உடை மாற்றும் அறையில் இருந்தாலே மற்றவர்களுக்குத் தைரியம் என்று மைக் முன்னால் புகழ்ந்து தள்ளுவார்கள். அடுத்த வாரம் அவர் வேறு ஊரில் இருப்பார். ஒருவரைத் திடீரென்று அளவுக்கு மீறிப் புகழ்ந்தால் அவரை விற்கப் போகிறார்கள் என்பதை நான் ஒரு விதியாகவே எழுதி வைத்துக்கொண்டேன். ஹாக்கிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

நான் தொழிலால் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரில் தப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு வேலையை ஆரம்பிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த நம்பிக்கையை ஐந்து மணிக்கு ஆபீசிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடிவதில்லை. மளிகைக் கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தால் நான் முதலில் பார்ப்பது காலாவதி தேதியைத்தான். நீங்கள் உங்கள் சந்தேகத்தையே சந்தேகப்படுகிற ஆள் என்று என் மனைவி சொல்வாள். அவள் அதைப் புகழ்ச்சியாகச் சொல்கிறாளா என்றும் யோசித்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு லீக் வைத்திருந்தோம். அது ஒரு கன்சல்டிங் கம்பெனி, நாங்கள் எல்லாரும் தமிழ். ஆறு பேர் இங்கே டெக்சஸில் இர்விங்கில், ஒருவர் நியூ ஜெர்சியில் பார்சிப்பனியில், ஒருவர் கலிஃபோர்னியாவில் பே ஏரியாவில். நிஜ ஆட்டக்காரர்களைக் காகிதத்தில் பங்கு போட்டுக்கொண்டு, அவர்கள் நிஜமாக அடிக்கும் கோல்களை வைத்து நாங்கள் ஜெயிப்போம், தோற்போம். எங்களுக்கும் கேப் உண்டு, ஒப்பந்தம் உண்டு, தள்ளிவிடுதல் உண்டு. பணம் கிடையாது. தோற்றவர் எல்லாருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

இந்த லீக்கில் இரண்டு பழக்கங்கள் வந்து ஒட்டிக்கொண்டன. ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் ரஷ்யா, ஃபின்லாந்து, செக் நாட்டுக்காரர்கள். அவர்கள் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. ஆகவே ஆளுக்கொரு பட்டப்பெயர்: முன்பல் இல்லாதவன் பொக்கை, முழங்கால் போனவன் முட்டி, எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிறவன் மாப்பிள்ளை. இது ஒன்று. இன்னொன்று, நாங்கள் வேலை பார்ப்பது க்ளையண்ட்டின் கட்டடத்தில், ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில். அங்கே எங்களுக்கு மேலே ஒரு வெள்ளைக்கார அம்மா. அவர் நடந்து போகும்போது நாங்கள் ஹாக்கி பேசுவது தெரியக் கூடாது என்று ஆபீஸ் வார்த்தைகளிலேயே பேச ஆரம்பித்தோம். கேப்புக்குப் பட்ஜெட். அடிபட்டவன் மெடிக்கல் லீவ். அடுத்த வருஷம் புது ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு ஃபிரெஷர். தள்ளிவிடுவதற்கு ட்ரான்ஸ்ஃபர். தமிழுக்கு நடுவே இந்த வார்த்தைகள் காதில் விழுந்தால் அந்த அம்மா நாங்கள் மும்முரமாக உழைக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார். ஒருமுறை தோள்பட்டை முறிந்த ஒருவனை மெடிக்கல் லீவில் போடுவதா வேண்டாமா என்று நாங்கள் சண்டை போட, அந்த அம்மா நின்று, அந்தப் பாவப்பட்ட மனிதர் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பூ அனுப்பலாமா என்று கேட்டார். அன்று சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

எங்கள் மேனேஜரும் லீக்கில் ஒருவர். கோயம்புத்தூர்க்காரர். சின்னப் பிள்ளைகளைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார்.

லீக்கில் இல்லாத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் டெஸ்டிங் டீமில் நானும் அவரும் இரண்டே பேர். என்னைவிட ஏழு வயது மூத்தவர், மதுரைப் பக்கம். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். இரண்டு பேருக்கும் வீடு ஆலனில். அங்கிருந்து இர்விங்குக்கு ட்ராஃபிக்கில் ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் ஒரே காரில் போய் வருவோம், ஒரு வாரம் என் கார், ஒரு வாரம் அவர் கார். நான் அதிராம்பட்டினத்துக்காரன், பேசாமல் வர மாட்டேன். அவர் பேசவே மாட்டார். நான்கு வருஷம் அப்படியே போய் வந்தோம்.

புதன்கிழமை மட்டும் தனித்தனிக் கார். அவருடைய மகளுக்கு அப்போது ஐந்து வயது, பேச்சு வரவில்லை. ப்ளேனோவில் பேச்சுப் பயிற்சி தருகிற ஓர் இடத்தில் பதினொரு மாதம் வெயிட்டிங் லிஸ்டில் நின்று, புதன்கிழமை ஐந்து மணிக்கு ஓர் இடம் வாங்கியிருந்தார்கள். அவர் மனைவிக்கு ஃப்ரீவேயில் கார் ஓட்டப் பயம். அதனால் புதன்தோறும் நாலு மணிக்கு அவர் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுவார். நாலரை மணி க்ளையண்ட் மீட்டிங்கை நான் பார்த்துக்கொள்வேன். இதை மேனேஜரிடம் முறையாகக் கேட்டு வாங்கிவிடலாமே என்று ஆரம்பத்தில் சொன்னேன். கேட்டால் கான்ட்ராக்டில் இல்லாத சலுகையாகிவிடும், ஃபைலில் ஏறும் என்று பயந்தார். அவர் விசாவும் என் விசாவைப் போலத்தான், வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வேலை, இல்லாவிட்டால் ஊர். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வருஷம் அந்தக் குழந்தை தண்ணீர், கார், வேண்டாம் என்று மூன்று வார்த்தை சொல்ல ஆரம்பித்திருந்தது. வேண்டாம் என்பதைத்தான் அதிகம் சொல்கிறது என்று அண்ணன் ஒருநாள் காரில் தானாகவே சொல்லிச் சிரித்தார். நான்கு வருஷத்தில் அவர் தானாகப் பேசிய பேச்சுகளில் அது ஒன்று.

நவம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை டீம் மீட்டிங். மேனேஜர் திடீரென்று என் பக்கம் திரும்பி, இந்த ரிலீஸ் சிக்கல் இல்லாமல் போனதற்கு முழுக் காரணம் இவர்தான், இவரைப் போல ஒருவர் கிடைப்பது அபூர்வம் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். என் விதியைச் சொன்னேனே, அது அப்போதே மண்டைக்குள் மணி அடித்துவிட்டது. எதற்காக என்னைப் புகழ்கிறார்? அதுவும் அந்த வெள்ளைக்கார அம்மா உட்கார்ந்திருக்கும்போது?

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் போய்விட்டு இரண்டரைக்குத் திரும்புவதுதான் வழக்கம். அன்று சாலை காலியாக இருந்ததால் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டேன். பின்பக்கப் படி ஏறினால் சின்ன கான்ஃபரன்ஸ் ரூம் வரும். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மேனேஜரும், அவருக்குச் சமமான இன்னொரு டீமின் லீடும். என் பெயர் வருகிறதா என்று காது தானாகவே நின்றது. கால் பிறகுதான் நின்றது.

"தாடிய இனி வெச்சிருக்க முடியாதுங்க," என்றார் மேனேஜர். "பட்ஜெட் இடிக்குது."

"அவனுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கே?"

"அதுதான பிரச்சனையே. அவனச் சும்மா குடுத்தா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. கூட ஒரு ஃபிரெஷரச் சேத்துக் குடுத்து பே ஏரியாவுக்குத் தள்ளிரலாம்."

எங்கள் தளத்தில் தாடி வைத்த தமிழன் நான் ஒருவன்தான். பதினைந்து வருஷத் தாடி. செப்டம்பரில்தான் என் விசாவை மூன்று வருஷத்துக்கு நீட்டித்துக் கம்பெனி பேப்பர் வாங்கியிருந்தது. பே ஏரியாவில் எங்கள் கம்பெனிக்கு ஒரு ப்ராஜெக்ட் உண்டு, அங்கே யாரும் விரும்பிப் போவதில்லை. இரண்டு மாதத்தில் அதை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. இத்தனையும் ஒரே மூச்சில் பொருந்தியது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வாங்க போங்க என்று மரியாதைக்குப் பெயர் எடுத்த மனிதர் முதுகுக்குப் பின்னால் என்னை அவன் என்கிறார். அதுதான் முதலில் சுட்டது.

சத்தம் போடாமல் படி இறங்கி, முன்வாசல் வழியாக மறுபடி ஏறி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் திரும்பிப் பார்த்து, இன்று சீக்கிரம் போலிருக்கே என்றார். இவருக்கும் தெரிந்திருக்குமோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தயிர்சாத டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் முட்டாள் இல்லை. இரண்டு பேருமே லீக்கில் இருப்பவர்கள், ஹாக்கி பற்றிப் பேசியிருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. அதனால் அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக லீக் பட்டியலைத் திறந்தேன். எட்டு டீம், அத்தனை ஆட்டக்காரர்களின் பட்டப்பெயரும் அதில் இருக்கும். தாடி என்று தேடினேன். இல்லை. எழுத்துப் பிழையாக இருக்குமோ என்று ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பொக்கை, முட்டி, மாப்பிள்ளை, ஒட்டகம், வாத்தியார் எல்லாரும் இருந்தார்கள். தாடி மட்டும் இல்லை. ஒரு டெஸ்டருக்கு அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

மனைவியிடம் சொன்னேன். அவள் பாத்திரத்தை வைத்துவிட்டு, நேராகப் போய் மேனேஜரைக் கேட்டுவிட வேண்டியதுதானே என்றாள். கேட்டால் உஷாராகிவிடுவார்கள் என்றேன். யார், என்ன உஷாராவார்கள் என்று அவள் கேட்டதற்குக் கோபம்தான் வந்தது. என் மகள் பத்தாவது படிக்கிறாள். வேலை போய், அறுபது நாளுக்குள் இன்னொன்று கிடைக்காவிட்டால் பள்ளியைப் பாதியில் விட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டும். சனி ஞாயிறு முழுவதும் அந்த அறுபது நாளை நான் மாடிக்கும் கீழுக்குமாக நடந்தே கழித்தேன். மகள் ஹெட்ஃபோனைக் கழற்றி, வாப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று இங்கிலீஷில் அம்மாவிடம் கேட்டாள்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அதே சின்ன ரூம். இந்த முறை கதவைச் சாத்தினார். வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. க்ளையண்ட் டெஸ்டிங் செலவைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இங்கே உறுதியாக இடம் இருக்கிறது, இன்னொருவரைப் பற்றி மேலே எழுத வேண்டும் என்றார். பிறகு கேட்டார்.

"அண்ணனப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க? கூடவே இருக்கறவங்க நீங்கதான். மனசுல பட்டதச் சொல்லுங்க, உங்க பேரு வெளிய வராதுங்க."

இப்போது யோசித்தால் அது சாதாரணக் கேள்வி. அன்று எனக்கு அது ஒரு வாசல் மாதிரித் தெரிந்தது. என்னைத் தள்ளிவிட முடிவு செய்துவிட்டு ஒப்புக்குக் கேட்கிறார்கள். இந்த நிமிஷத்தில் நான் சொல்வதை வைத்து அந்த முடிவை மாற்றலாம். இரண்டு சுமையில் எது பெரிய சுமை என்று நான் காட்டிக் கொடுத்தால் போதும்.

"நல்ல மனுஷன் சார்," என்றேன். "ஆனா இப்பல்லாம் கொஞ்சம் ஸ்லோ. பாதி வேலைய நான்தான் பாக்கறேன். புதன்கிழமையானா நாலு மணிக்கே கிளம்பிடுவாரு, அந்த க்ளையண்ட் மீட்டிங்லாம் நான்தான் அட்டெண்ட் பண்றேன்."

மூன்றும் உண்மை. நிதானமாக வேலை செய்கிறவர்தான், அதனால்தான் அவர் பார்த்ததில் தப்பு இருந்ததே இல்லை. பாதி வேலையை நான் பார்த்தேன், ஏனென்றால் நாங்கள் இரண்டு பேர். மூன்றாவது, நான் காப்பாற்றுவதாகச் சொன்ன ரகசியம். ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு மனிதரைக் காலி செய்ய முடியும் என்று அன்று காலை பத்தே காலுக்குக் கற்றுக்கொண்டேன். மேனேஜர் நோட்டில் ஏதோ எழுதினார். ஓ, அப்படிங்களா, எனக்குத் தெரியாதுங்களே என்றார். வெளியே வந்தபோது எனக்கு வெட்கமாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று நாளுக்குப் பிறகு அப்போதுதான் பசித்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் லீக்கின் வாட்ஸ்அப் குழுவில் மேனேஜர் ஓர் அறிவிப்பு போட்டார். தாடியையும் அடுத்த வருஷத்து ஒரு ஃபிரெஷரையும் பே ஏரியாவுக்குக் கொடுத்துவிட்டேன், இனி என் பட்ஜெட்டுக்கு மூச்சு வரும். கீழே ஒரு படம். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பனிக்கட்டி மேல் வியர்த்து நிற்கிற ஒரு தடுப்பாட்டக்காரன். செப்டம்பர்வரை மழமழவென்று இருந்தவன், எங்கள் பட்டியலில் முட்டி என்று இருக்கிறவன். அக்டோபரிலிருந்து தாடி வளர்க்கிறான், பெயரை மாற்றிவிட்டேன், பட்டியலில் திருத்த மறந்துவிட்டேன் என்று மேனேஜர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். அவனுக்கு இன்னும் மூன்று வருஷ ஒப்பந்தம் பாக்கி.

அவனுக்கு. அந்த ஒரு எழுத்தில் நான் பிடித்திருக்க வேண்டும். கோயம்புத்தூர்க்காரர் எந்த மனிதரையும் அவன் என்று சொல்ல மாட்டார். ஆட்டக்காரர்களை மட்டும்தான் நாங்கள் எல்லாரும் அவன், இவன் என்போம், அவர்கள் நிஜ மனிதர்களே இல்லை என்பது போல. தமிழ் தெரிந்த எவனுக்கும் புரிந்திருக்க வேண்டியது. எனக்கு அந்த அவன் கேட்டதும் அவமானம்தான் கேட்டது, அர்த்தம் கேட்கவில்லை. வியாழக்கிழமை அவர் என்னைப் புகழ்ந்ததும் வெறும் புகழ்ச்சிதான். நான் நன்றாக வேலை செய்தேன், அவர் சொன்னார், அவ்வளவுதான்.

உடனே எழுந்து மேனேஜரிடம் போனேன். நேற்று அண்ணனைப் பற்றிச் சொன்னதில் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டேன், புதன்கிழமை விஷயத்தில் என் சம்மதத்தோடுதான் போகிறார், வேலையில் ஒரு குறையும் இல்லை என்றேன். வேகமாகப் பேசினேன், நான் பேசுவது எனக்கே நம்பும்படியாக இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் நன்றாக அறிவேன், தினமும் மற்றவர்களை நான் பார்க்கிற பார்வை அது. அண்ணன் என்னிடம் வந்து பேசினாரா, மிரட்டினாரா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். நேற்று மாலையே மேலே எழுதி அனுப்பியாகிவிட்டது என்றார். பிறகு தணிந்த குரலில் ஒன்று சொன்னார்.

"நேத்து நீங்க அவருக்காகப் பேசியிருந்தா, நம்ம டீம்ல ஆள் போடாம காலியா இருக்கற ஒரு டெவலப்பர் போஸ்ட்ட விட்டுக்குடுத்துட்டு ரெண்டு பேரையும் வெச்சுக்கலாம்னுதான் இருந்தேனுங்க. அதுக்குத்தான் உங்களையே கேட்டேன்."

அண்ணனை வேலையைவிட்டு எடுக்கவில்லை. பார்சிப்பனி ப்ராஜெக்டுக்கு மாற்றினார்கள், ஜனவரியிலிருந்து. அங்கேயும் பட்ஜெட் இடித்ததாம். முதல் மூன்று மாதம் அவர் செலவில் பாதியை டெக்சஸ் ப்ராஜெக்டே ஏற்றுக்கொள்ளும் என்று பேசி முடித்தார்கள். இதை டீம் மீட்டிங்கில் மேனேஜர் படித்தபோது லீக்கைச் சேர்ந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் நோட்டைப் பார்த்தேன். அண்ணனின் அனுபவத்தைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் ஐந்து நிமிஷம் புகழ்ந்தார்கள். அண்ணன் எழுந்து நின்று நன்றி சொன்னார்.

நியூ ஜெர்சியில் பேச்சுப் பயிற்சிக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார்கள். பெயரைப் பதிவு செய்துகொள்கிறோம், ஒரு வருஷமாவது ஆகும் என்றார்களாம். டிசம்பரிலும் அவரோடு காரில் போய் வந்தேன். என்னைப் போன்ற வாயாடி பேசாமல் வருவதை அவர் கவனித்தாரோ என்னவோ. உடம்பு சரியில்லையா என்று ஒரு தடவை கேட்டார். சொல்லிவிடலாம் என்று தினமும் வீட்டிலிருந்து கிளம்பும்போது முடிவு செய்வேன், டோல் ரோட்டில் ஏறும்போது நாளைக்கு என்று மாற்றிக்கொள்வேன். சொன்னால் என் மனசு லேசாகும், அவருக்கு என்ன ஆகும் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் வைத்திருந்தேன். அது நியாயம் இல்லை, பயம்.

கடைசி நாள் அவர் காரில் வந்தோம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், ட்ராஃபிக்கே இல்லை. என் தெருவுக்குள் திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் அவராகவே பேச ஆரம்பித்தார்.

"ஒங்களத் தனியாக் கூப்புட்டாகளே, அந்தத் திங்கக்கிழமைக்கு முந்தின வாரமே என்னையக் கூப்புட்டுக் கேட்டாக தம்பி. ரெண்டு பேருல ஒருத்தருதேன் இருக்க முடியும், ஒங்களப் பத்தி யாருகிட்டக் கேக்கலாம்னு. நா ஒங்க பேரத்தேன் சொன்னேன். என்னையப் பத்தி எங்கிட்டக் கேக்காதீக, தம்பிகிட்டக் கேளுங்க, அவருக்குத்தேன் எல்லாந் தெரியும்னு."

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டுக் கூரையில் ஏணி போட்டு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒன்றுதான் புரியவில்லை என்றார். புதன்கிழமை விஷயம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? மாற்றல் கடிதத்தில் அதை எழுதியிருந்தார்களாம். கதவில் அட்டை தேய்க்கிற கணக்கை எடுத்துப் பார்த்திருப்பார்கள் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். எங்கள் கட்டடத்தில் உள்ளே வரத்தான் அட்டை தேய்க்க வேண்டும், வெளியே போகும்போது தேய்க்க வேண்டியதில்லை. அது அவருக்கும் தெரியும். நான்கு வருஷமாக அந்தக் கதவு வழியாகத்தான் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே வந்தோம்.

கார் என் வீட்டு முன்னால் நின்றது. ஏதாவது சொல்லாமல் இறங்க முடியாது போலிருந்தது.

"நான் உங்களப் பத்தி நல்லதாத்தான் சொன்னேன் அண்ணே," என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை, அந்த முகத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்த எதுவும் இல்லை.

"தெரியும் தம்பி," என்றார்.

என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை.